பாட்டனார் ஏடுகள்: மன்னார்க் கரையில் எழுத்தைப் பேணிய வழக்கம்

மன்னார்த் தீவின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர் முதலில் அந்நியர் எழுதிய பத்திரங்களையே நாட வேண்டியிருக்கிறது. போர்த்துக்கேயக் குருமார் தம் சபைத் தலைவர்களுக்கு விடுத்த நிருபங்களும், ஒல்லாந்தர் வரி தண்டும் பொருட்டு எழுதிவைத்த தோம்புகளும், ஆங்கிலேய உத்தியோகத்தர் முத்துக்குளிப்பைப் பற்றி அரசாங்கத்துக்கு அனுப்பிய அறிக்கைகளும், 1888-ஆம் ஆண்டில் போக் என்ற அதிகாரி மன்னாரைப் பற்றி வெளியிட்ட தனிநூலும் நமக்குக் கிடைக்கின்றன. அவற்றிலே இத்தீவின் மக்கள் எண்ணப்படுகிறார்கள், வரி விதிக்கப்படுகிறார்கள், சில வேளை புகழவும் படுகிறார்கள். ஆனால் அவர்கள் தம் வாயால் பேசுவதை அங்கே நாம் கேட்பது அரிது. கரைவலை இழுத்தவரும், கோயிலில் மூப்பராயிருந்தவரும், கூத்துக்கு ஏடு பிடித்த அண்ணாவியாரும் தம்மைப் பற்றியும் தம் காலத்தைப் பற்றியும் யாதும் எழுதவில்லையோ என்று வினவினால், எழுதினார்கள் என்பதே விடை. அவர்கள் எழுதியவை சுவடிக்கூடங்களில் இல்லை. பேரப்பிள்ளைகளின் வீடுகளில், றங்குப் பெட்டிகளின் அடியில் இருக்கின்றன.

மன்னார் நகருக்கு அண்மையில் கடலோரமாக அமைந்த கீரி போன்ற ஊர்களிலே ஒரு பாட்டனார் காலமான பிறகு அவருடைய பெட்டியைத் திறப்பவர் கைக்கு அகப்படும் கடுதாசிகள் பலதிறப்பட்டவை. காணி உறுதிகளும், ஞானஸ்நானச் சீட்டுகளும், சம்மாட்டிக்கும் தொழிலாளருக்கும் இடையே பங்கு பிரித்த கணக்குக் கொப்பிகளும் ஒருபுறம் இருக்கும். சோழகம் பெயர்ந்த நாளையும், வாடை தொடங்கிய நாளையும், எந்த வலையில் எந்த மீன் பட்டது என்பதையும் குறித்த துண்டுகள் ஒருபுறம் இருக்கும். கைவைத்தியக் குறிப்புகள், தவக்காலத்தில் பாடும் பசாம் பாட்டுகள், திருநாளுக்கு ஆடிய நாடகத்தின் வரிகள், அக்கரையிலிருந்து வந்த கடிதங்கள் ஆகியவை இவற்றோடு கலந்து கிடக்கும். 1914-ஆம் ஆண்டு முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய கப்பலும், அதனோடு இணைந்த புகைவண்டியும் இரு கரைகளையும் ஒரு முற்றத்துக்கு இரு வாசல்களாக ஆக்கியிருந்த அக்காலத்தில், கடிதப் போக்குவரத்து இவ்வூர்களுக்குப் புதுமையாக இருக்கவில்லை. இவற்றுள் எது சரித்திரம், எது குப்பை என்று பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லத் துணிவது பெரும் பிழையாகும்.

இவ்வாறான எழுத்துகளைப் பேணும் விஷயத்தில் இக்கரையின் நானூறு ஆண்டுச் சரித்திரம் நமக்கு ஓர் உண்மையைத் திரும்பத் திரும்ப உணர்த்துகிறது. இங்கே தப்பிப் பிழைத்த எழுத்தெல்லாம் படியெடுக்கப்பட்ட எழுத்தே, பூட்டிவைக்கப்பட்ட எழுத்தன்று. பெட்டியின் வலிமையோ பூட்டின் நம்பகமோ எழுத்தைக் காப்பாற்றியதைக் காட்டிலும், அதைத் தன் கையால் மற்றொரு முறை எழுதிய ஒருவனுடைய சிரத்தையே அதைக் காப்பாற்றியது. இவ்வுண்மையைச் சற்று விரித்து நோக்குவோம்.

1544-ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களில் 600 முதல் 700 பேர் வரை கொல்லப்பட்டனர் என்பது கத்தோலிக்கர் மறவாத செய்தி. 1560-இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். அந்நாட்களில் இங்கே தங்கி ஊழியம் செய்தவர்களுள் ஒருவர் அண்டிறிக் அடிகளார் என்று தமிழர் அழைத்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலாகிய தம்பிரான் வணக்கத்தை 1578-இல் கொல்லத்தில் வெளியிட்டவர் அவரே. அந்நூலின் இன்று அறியப்பட்ட பிரதி நம் கரைகளில் இல்லை. கடல்கள் பல கடந்து அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அவர் இயற்றிய தமிழ் இலக்கணமோ கையெழுத்துப் பிரதியாகவே லிஸ்பன் நகரத்தைச் சென்றடைந்து, இருபதாம் நூற்றாண்டு வரையில் அச்சு வாகனம் ஏறாமல் உறங்கிற்று. அச்சேற்றிய பெரியாருடைய எழுத்துக்கே இக்கதி நேர்ந்ததென்றால், அச்சுக்கூடத்தையே காணாத எளிய மக்களின் எழுத்துக்கு யாது காவல்?

அதற்குரிய காவலை அவர்களே கண்டுபிடித்தனர். 1658-இல் மன்னாரைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருமாரை நாடு கடத்தினர். மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் திருச்சுரூபத்தைச் சுமந்துகொண்டு 1670-ஆம் ஆண்டளவில் மடுக் காட்டுக்குள் சென்றது அந்நாட்களிலேதான். குருவும் கோயிலும் அச்சும் இல்லாத அக்காலத்தில் ஜெபங்களும் பாட்டுகளும் ஓலையிலே படியெடுக்கப்பட்டு வீட்டுக்கு வீடு சென்றன. 1687-இல் மாறுவேடம் பூண்டு இலங்கையை அடைந்த யோசேப் வாஸ் முனிவருக்குப் பின், 1705-இல் வந்த கோவா நாட்டவராகிய ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல் பல இயற்றி, எழுத்தர்களைக் கொண்டு ஏட்டுப் பிரதிகள் செய்வித்துப் பரப்பினார். அவர் 1742-இல் போலவத்தையில் காலமானார். ஆயினும் தவக்காலத்தில் வாசிக்கப்படும் அவருடைய வியாகுல பிரசங்கம் தலைமுறை தலைமுறையாக மக்கள் செவியில் ஒலித்து வந்தது. தடையுத்தரவு அச்சுக்கூடத்தை மூடக்கூடும். ஆயிரம் வீடுகளில் ஆயிரம் கைகள் எழுதுவதை அது எங்ஙனம் தடுக்கும்?

அவ்வேலைக்கு வேண்டிய பொருளை இம்மண்ணே தந்தது. மன்னார்த் தீவின் மணற்பரப்பெங்கும் நிற்கும் பனையின் இளம் ஓலையைப் பதமாக வெட்டி, நீரில் அவித்து, நிழலில் உலர்த்தி, சங்கு போன்ற வழுவழுப்பான பொருளால் தேய்த்து மெருகிட்டு, ஒரே அளவாக நறுக்கித் துளையிட்டுக் கயிறு கோத்து, இருபுறமும் சட்டம் வைத்துக் கட்டினால் சுவடி ஆயத்தமாகும். எழுத்தாணியால் கீறிய எழுத்து கண்ணுக்குப் புலப்படுமாறு விளக்குக்கரியையும் இலைச்சாற்றையும் எண்ணெயோடு குழைத்துப் பூசித் துடைப்பார்கள். கீறலில் மட்டும் கருமை தங்கிவிடும். இவ்வாறு செய்த ஓலை நன்கு பேணப்பட்டால் முந்நூறு ஆண்டுகளும் நிற்கும். பேணப்படாவிடின் ஒரு மாரிக்காலத்திலேயே பூச்சிக்கு இரையாகும். ஆகவே நைந்த ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதுவது அக்காலத்தார் கண்ட நித்திய கடமை. பழுதுற்ற ஏடு பயன் முடிந்ததென்று அவர்கள் கருதியது, அதன் உயிர் வேறோர் ஏட்டுக்கு மாறிவிட்ட பிறகே.

இவ்வழக்கத்தின் மிகச் செழிப்பான வடிவத்தை மன்னாரின் நாட்டுக்கூத்தில் காணலாம். புனிதருடைய வாழ்வையும் வேதாகமக் கதைகளையும் பொருளாகக் கொண்டு, இரவு முழுவதும் ஆடப்பட்ட நாடகங்களும் அவற்றிலும் சுருங்கிய வாசாப்புகளும் இக்கரையின் கத்தோலிக்க ஊர்களில் மிகுந்திருந்தன. ஆட்டத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் ஏடு இருக்கும். ஒவ்வொரு கூத்தனும் தன் பாத்திரத்துக்குரிய வரிகளை அதிலிருந்து எழுதி எடுப்பான். ஏடு பின்பு கொப்பியாயிற்று, எழுத்தாணி பேனையாயிற்று, முறைமை மட்டும் மாறவில்லை. அண்ணாவியாரின் மகனோ பேரனோ அதை மறுபடி எழுதும்போது தன் ஊருக்கு உகந்த ஒரு விருத்தத்தைச் சேர்ப்பதும், தான் கேட்டறிந்த ஓர் இராகத்தைக் குறிப்பதும் இயல்பு. அதனால் ஒரே நாடகத்துக்குப் பல பிரதிகளும், பிரதிக்குப் பிரதி வேறுபாடும் உண்டாயின.

இந்தப் பிரதிகளின் பெருமதிப்பை உணர்ந்து அவற்றை உலகுக்குக் காட்டியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனையில் ஆசிரியராகவும், இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராகவும் இருந்த அவர், கிராமங்களில் முடங்கிக் கிடந்த கூத்து ஏடுகளைத் தேடிப் பெற்று, என்றிக் எம்பரதோர் நாடகத்தை 1964-லும், திருப்பாலனைக் காண வந்த மூவரசர் கதையாகிய மூவிராசர் நாடகத்தை 1966-லும், ஞானசௌந்தரியை 1967-லும் பதிப்பித்தார். இவை மன்னார்ப் பகுதியில் வழங்கியவை. அவற்றை அவருக்கு அளித்தவை பெரிய மடங்களோ அரசாங்கக் காப்பகங்களோ அல்ல. பாட்டன் எழுதியதைத் தந்தை வைத்திருக்க, தந்தை வைத்திருந்ததை மகன் எறியாமல் விட்ட வீடுகளே. ஒரு வீட்டின் சிறு கவனம் ஒரு நாட்டின் இலக்கியத்துக்கு எவ்வளவு பெரிய வரவாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கடலுக்கு அப்பாலும் இதே பாடம் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761-இல் தாம் மறையும் வரையில் எழுதிய தினப்படிச் சேதிக் குறிப்பு ஒரு குடும்பத்தின் சொந்தக் கணக்கேடு போலவே தொடங்கிற்று. அவர் காலத்துக்குப் பின் அவ்வீட்டாரே எழுத்தைத் தொடர்ந்தனர். 1846-இல் கல்லுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சு உத்தியோகத்தர் அதைக் கண்டெடுத்துப் படியெடுத்தார். பிற்பாடு சென்னை அரசாங்கமும் ஒரு பிரதி செய்வித்தது. 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அப்பிரதியைத் துணைக்கொண்டே எழுந்தது. ஒரு வணிகர் தம் வீட்டில் எழுதிய குறிப்பு, பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவின் தலைசிறந்த ஆதாரமாகி, பல தேசத்துச் சரித்திராசிரியர் கைகளில் இன்று விளங்குவதற்கு இருவகைத் தொண்டு காரணமாயிற்று: எறியாது வைத்திருந்த சந்ததியாரின் தொண்டு ஒன்று, படியெடுத்தவரின் தொண்டு மற்றொன்று. முன்னது மட்டும் இருந்து பின்னது இல்லாதிருந்தால், அந்த ஏடு ஒரு வீட்டின் பரணோடு முடிந்திருக்கும்.

மாறான நிகழ்ச்சிகளும் நம் நெஞ்சை வருத்துகின்றன. பழுதான ஏடுகளை ஆற்றில் விடுவது புண்ணியம் என்று கருதி ஆடிப்பெருக்கிலே வெள்ளத்தில் விட்டவர்களும், கரிவலம்வந்தநல்லூரில் ஏடுகளை நெருப்பில் ஆகுதி செய்தவர்களும் உண்டென்று மகாமகோபாத்தியாய சாமிநாதையர் மனம் நொந்து எழுதினார். அச்செயலைச் செய்தவர்கள் எழுத்தை வெறுத்தவர்கள் அல்லர்; பக்தியினாலேயே அவ்விதம் செய்தார்கள். ஆனால் படியெடாமல் செய்யும் பக்தியும் அழிவாகவே முடிகிறது. ஐயரவர்களோ பழந்தமிழ் நூல்களைப் போலவே தமக்கு வந்த கடிதங்களையும் அருமையாகப் போற்றி வைத்தார். 1942-இல் அவர் மறைந்த பின் மறு ஆண்டில் நிறுவப்பெற்ற அவர் பெயரிலான நூல்நிலையத்தில் அவை காக்கப்பட்டு, நம் காலத்தில் நூலாகவும் வெளிவரத் தொடங்கியுள்ளன.

நம் கரைகளில் எழுத்துக்கு நேர்ந்த பகை பூச்சி மட்டுமன்று. 1964 டிசம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியை அழித்து, அங்கிருந்து நடந்த கப்பல் போக்குவரத்தையும் முடித்துவைத்தது. 1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் சாம்பலாயின. 1990 முதல் மன்னார்த் தீவின் மக்கள் பலர் படகேறி இராமேசுவரக் கரையை அடைந்து மண்டபம் முகாமில் தங்கினர். அவ்வாண்டு அக்டோபரில் தீவின் முஸ்லிம் மக்கள் தம் இல்லங்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் உறுதியையும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் எடுத்தார்களேயன்றிப் பாட்டனாரின் கொப்பியை எடுக்க இயலவில்லை. அதற்காக அவர்களை எவரும் குறைகூற ஒண்ணாது. பெருந்தொகுதியாக ஓரிடத்தில் குவித்த எழுத்தும், ஒரே பிரதியாக ஒரு வீட்டில் இருந்த எழுத்தும் அக்காலத்தில் ஒருங்கே அழிந்தன. வேறோர் ஊரில் ஒரு பிரதி இருந்தவையே மீண்டன.

ஆதலால் இன்று தம் பாட்டனாரின் பெட்டியைத் திறக்கும் பேரப்பிள்ளை செய்யத்தக்கது யாதென்பதைச் சிறிது விவரமாகச் சொல்வது பயனுடையது. முதலாவது, கிடந்த ஒழுங்கைக் குலைக்கலாகாது. எந்தக் கட்டில் எது இருந்தது, எதனோடு எது மடித்து வைக்கப்பட்டிருந்தது என்பதே பல வேளை தேதியற்ற ஒரு கடிதத்தின் காலத்தைக் காட்டும். கட்டுகளுக்கு இலக்கமிட்டு, யாருடைய எழுத்து, எங்கே கிடைத்தது, எப்போது திறக்கப்பட்டது என்ற விவரங்களைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி உடன் வைக்க வேண்டும். மூல ஏட்டில் பேனை படவே கூடாது. அப்பப்பாவின் கொப்பியில் வரும் பட்டப்பெயர்களையும், வள்ளங்களின் பெயர்களையும், வழக்கொழிந்த சொற்களையும் விளக்கக்கூடிய முதியோர் இருக்கும்போதே அவர்களருகில் உட்கார்ந்து கேட்டெழுதிக் கொள்ள வேண்டும். காகிதம் இன்னும் பல வருஷம் பொறுக்கும். அவர்கள் நினைவு பொறுக்காது.

இரண்டாவது, சுத்தம் செய்யும்போது அவசரம் கூடாது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து காற்று உலர்ந்த பின்பு, நிழலான இடத்தில் இவ்வேலையைத் தொடங்குவது நன்று. மென்மையான தூரிகையால் தூசியை அகற்றலாம், ஈரத்துணி ஆகாது. முந்திய தலைமுறையார் கடிதத்திலும் கணக்கிலும் மிகுதியாகக் கையாண்ட ஊதாப் பென்சிலின் எழுத்து ஒரு துளி நீர் பட்டாலும் கரைந்து பரவிவிடும். துருப்பிடித்த குண்டூசிகளையும் கம்பிகளையும் மெல்லக் கழற்ற வேண்டும். கிழிந்த தாளை ஒட்டுநாடாவால் ஒட்டுவதும், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சூடேற்றி மூடுவதும் பாதுகாப்புப் போலத் தோன்றிப் பிற்பாடு திருத்த இயலாத சேதத்தை விளைவிக்கும். பனையோலைக்கு எலுமிச்சம்புல் எண்ணெயை மெல்லிதாகத் தடவுவது சுவடிநிலையங்களில் வழங்கும் முறை. காகிதத்துக்கு எவ்வித எண்ணெயும் ஆகாது. உப்புக்காற்று வீசும் இவ்வூர்களில் இரும்புப் பெட்டி துருவேறுவதால், தாள்களைப் பருத்தித் துணியில் சுற்றி, கறையான் ஏறாதவாறு நிலத்திலிருந்து உயர்த்தி வைத்து, மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது அவசியம்.

மூன்றாவதும் முக்கியமானதும் படியெடுத்தல். நம் முன்னோர் எழுத்தாணியால் செய்ததைக் கைத்தொலைபேசியின் ஒளிப்படத்தால் ஒரே நாளில் செய்யத்தக்க வசதி நமக்குக் கிட்டியிருக்கிறது. அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கமும் விடாமல், பகல் வெளிச்சத்தில் வரிசையாகப் படம் பிடிக்க வேண்டும். பின்பு நிதானமாக உட்கார்ந்து எழுத்துக்கு எழுத்து பெயர்த்தெழுத வேண்டும். பாட்டனார் ரகரத்துக்கு றகரம் எழுதியிருந்தால் அதை அவ்வாறே விடுக. அவர் பேசிய தமிழின் ஓசை அதில் இருக்கிறது. ஒரு பிரதி வீட்டிலும், ஒரு பிரதி தூரதேசத்தில் வாழும் உறவினரிடமும், ஒரு பிரதி பொது நிறுவனத்திலும் இருக்கட்டும். 2005-ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் எழுத்துகளை மின்வடிவில் சேமித்துவரும் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இத்தகைய தொண்டுக்காகவே இயங்குகிறது. ஒரு குடும்பத்தின் மானத்தைத் தொடும் கடிதங்கள் இருக்குமாயின் அவற்றை உடனே வெளியிட வேண்டியதில்லை. உறையிலிட்டு, இன்ன ஆண்டுக்குப் பின் திறக்கத்தக்கது என்று எழுதி ஒதுக்கி வைக்கலாம். கொளுத்துவதற்கு மட்டும் நமக்கு உரிமை இல்லை. அவற்றைப் படிக்கும் உரிமை இன்னும் பிறவாதவர்களுக்கும் உண்டு.

என் பாட்டனார் புலவரல்லர், வெறும் கணக்குத்தானே எழுதினார் என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சம்மாட்டியின் கணக்கிலே மீனின் விலை இருக்கிறது, கூலியின் அளவு இருக்கிறது, கடனுக்கு வட்டி இருக்கிறது, எந்த ஆண்டில் கடல் பொய்த்தது என்ற செய்தி இருக்கிறது. இவற்றை ஒல்லாந்தர் தோம்பிலும் ஆங்கிலேயர் அறிக்கையிலும் எவரும் காணமாட்டார். மன்னார்க் கரையின் சரித்திரம் இக்கரையாரின் எழுத்தைக்கொண்டு எழுதப்படும் காலம் வரவேண்டுமானால், அதற்குரிய ஆதாரம் அறிஞர் மண்டபத்திலிருந்து வராது. கீரியிலும் தாழ்வுபாட்டிலும் பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் உள்ள வீடுகளிலிருந்தே வர வேண்டும். இதை வாசிக்கும் அன்பர்கள் ஒவ்வொருவரும் அடுத்த மாரி தொடங்குமுன் தம் வீட்டிலுள்ள பழைய கொப்பிகளில் ஒன்றையேனும் முழுமையாகப் படியெடுத்து, அப்படியை வேறோர் ஊரிலுள்ள உறவினர் கையில் ஒப்படைக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.